நோ பார்க்கிங் ஃபைன் அடிச்சுட்டாங்களா? போஸ்ட் ஒபிஸுக்கு ஓடுறதுக்கு முந்தி இத வாசிங்க

போன தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவுக்கு பிரஷர் குளிசை வாங்கணும்னு பக்கத்து டவுன்ல ஒரு பார்மசி முன்னுக்கு பைக்க நிப்பாட்டிட்டு உள்ள போனேன், உள்ள நாலு பேர் வரிசையில நின்னாங்க, பத்து நிமிஷம் ஆகியிருக்கும், வெளிய வந்து பார்த்தா ட்ரபிக் ராலாமி, அதான் பொலிஸ்காரர், ஒருத்தர் பைக் சீட்டு மேலயே புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறாரு. "மல்லி, லைசன் எக தெண்ட"ன்னாரு, தம்பி லைசன தாங்கன்னு. நான் சுத்தி முத்தி போர்ட் எங்கன்னு தேடுறேன், அவரு பேனாவால மேல காட்டுறாரு. கம்பத்துல போர்ட் இருக்குங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்கு மேல ஒரு புடவக் கடை சேல் பேனர கட்டி வச்சு, போர்ட்டோட கீழ் விளிம்பு மட்டும் செவப்பா நாலு விரல் அளவுக்கு எட்டிப் பார்க்குது.

இதுல நான் செஞ்ச முட்டாள்தனம் என்னன்னா, தாள வாங்கி வாசிக்காமலே பையில போட்டுக்கிட்டேன், நல்ல புள்ளையாட்டம் மறுநாளே போஸ்ட் ஒபிஸ்ல காசக் கட்டினேன், அதுக்குப் பொறகு மூணாவது நாள் பேனரோட போட்டோவ எடுத்துக்கிட்டு ஸ்டேசனுக்கு நியாயம் கேக்கப் போனேன். அங்க இருந்த ஐயா கோபப்படக்கூட இல்ல, போட்டோவ நல்லா பார்த்தாரு, சிரிச்சாரு, "கட்டிட்டீங்கதானே, அப்ப முடிஞ்சிச்சு"ன்னாரு.

அவரு சொன்னது சரிதான், அதத் தெரியாம போனது என் பிழை. ஸ்பொட் ஃபைன், அதாவது பொலிஸ் ரோட்டுலயே எழுதிக் குடுக்கிற தண்டம், கட்டினா நீங்க அந்த விசயத்த அங்கயே முடிச்சுக்கிட்டீங்கன்னு அர்த்தம், அதுக்கு மேல பொலிஸும் உங்க மேல அதே விசயத்துக்கு கேஸ் போட மாட்டாங்க, நீங்களும் பிழைன்னு வாதாட ஏலாது. அதனால புதுசா லைசன் எடுத்த தம்பி தங்கச்சிமார், கொழும்புல இருந்து வேன் எடுத்துக்கிட்டு ஏப்ரல் சீசனுக்கு மேல மலையகத்துக்கு வர்ற ஆக்கள், தோட்டத்துல இருந்து டவுனுக்கு புதுசா திரீவீல் ஓட வர்ற அண்ணமார், எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன்.

மொதல்ல அது என்ன தாள்?

நம்ம பக்கம் எதக் குடுத்தாலும் "ஃபைன் அடிச்சுட்டான்"னு ஒரே பேர்தான், ஆனா மூணு சாதி இருக்கு, மூணுக்கும் போற வழி வேற வேற.

பொலிஸ் எழுதுறது ஒண்ணு. இது 1951ம் வருசத்து 14ம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் கீழ வர்றது, தண்டப்பத்திரம்னு சொல்லுவாங்க. இத எழுதினா லைசன வாங்கி வச்சுக்குவாங்க, அந்தத் தாள்தான் 14 நாளைக்கு உங்க தற்காலிக லைசன். தொலைச்சுராதீங்க, மழையில நனைய விடாதீங்க. நம்ம ஊர் மழைக்கு சட்டைப் பையில வச்சா கஞ்சியாத்தான் வெளிய வரும், பொலித்தீன்ல போட்டு வைங்க.

அடுத்தது சபை வாகனத் தரிப்பிடக் கட்டணம், ஜாக்கெட் போட்ட பையன் வந்து வைப்பர்ல சொருகிட்டுப் போறது. நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, கண்டி எல்லாம் மாநகர சபை, ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை நகர சபை, மத்ததுல பெரும்பாலும் பிரதேச சபை. இது குத்தத்துக்கான தண்டம் இல்ல, இடத்துக்கான வாடகை. அந்தப் பையன் பல இடங்கள்ல சபைக்கு நேர வேலை செய்யிறவர் கூட இல்ல, டெண்டர் எடுத்தவரோட ஆள். அவருக்கு உங்க லைசன கேக்கவோ சாவிய புடுங்கவோ ஒரு உரிமையும் இல்ல. டிக்கட்ல சபையோட பேர், இலக்கம், தொகை, தேதி இருக்கான்னு பாருங்க. வெறும் கையால எழுதின துண்டுன்னா "சபை டிக்கட் குடுங்க, சல்லி தாறேன்"னு சொல்லுங்க, சண்ட வேணாம்.

மூணாவது தனியார் இடம், கடைக்காரங்க இடம், ஹோட்டல் இடம், கல்யாண மண்டப வளவு. அங்க இருக்கிற வோச்சர் ஐயா திட்டலாம், போகச் சொல்லலாம், தரிப்புக் கட்டணம்னு போர்ட் போட்டிருந்தா கேக்கலாம், ஆனா பொலிஸ் மாதிரி ஃபைன் அடிக்க ஏலாது. அதோட இத விடுறேன், பெரிசா பேச ஒண்ணுமில்ல.

அந்த அஞ்சு நிமிஷம்

தாள் கைக்கு வந்ததும் வண்டிய எடுத்துக்கிட்டு கோபத்துல போயிடாதீங்க. வெளிய ரோட்டுக்கு இடைஞ்சல் இல்லாம தள்ளி வச்சுட்டு, போன எடுங்க. போட்டோன்னா போர்ட்ட மட்டும் கிட்டப் போய் எடுக்கிறது இல்ல, அது பொலிஸுக்குத்தான் உதவும்! நீங்க வண்டி ஓட்டி வந்த பக்கத்துல இருந்து, டிரைவர் சீட்ல உக்கார்ந்தா கண்ணுக்கு என்ன தெரியுமோ அந்த உயரத்துல இருந்து ஒண்ணு எடுங்க. பொறகு வண்டி நின்ன இடம், பக்கத்துல இருக்கிற கடைப் பேர் தெரியிற மாதிரி ஒண்ணு. ரோட்டுல கோடு அழிஞ்சிருந்தா அத ஒண்ணு. மரக்கிளை மறைச்சிருந்தா, பேனர் மறைச்சிருந்தா, கம்பம் சாஞ்சு போர்ட் கான் (சாக்கடை) பக்கம் திரும்பியிருந்தா அதயும். நவம்பர் டிசம்பர்ல மிஸ்ட் எறங்கி பத்தடிக்கு முன்னால ஒண்ணும் தெரியாத நேரம்னா ஒரு சின்ன வீடியோ எடுங்க, மறுநாள் போனா வெயில் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கும், யாரும் நம்ப மாட்டாங்க.

கடை பில்ல கசக்கிப் போடாதீங்க. எங்கிட்ட இருந்த பார்மசி பில்லுல மணி அச்சா விழுந்திருந்தது, அதுக்கும் தாள்ல எழுதியிருந்த மணிக்கும் நாப்பது நிமிஷம் வித்தியாசம், நான்தான் கட்டி முடிச்சப் பொறகு வீட்ல உக்கார்ந்து பார்த்தேன்.

அப்புறம் போர்ட்ல என்ன இருக்குன்னு ஒழுங்கா பாருங்க. ஒரே ஒரு சாய்ஞ்ச கோடுன்னா வண்டிய நிறுத்தி வைக்கக் கூடாது, ஆள எறக்கி ஏத்திட்டுப் போகலாம். குறுக்கும் நெடுக்குமா பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கோடுன்னா நிக்கவே கூடாது. இந்த வித்தியாசம் தெரியாம அம்மாச்சிய ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கினவங்க வாங்கிக் கட்டிக்கிட்ட கதை நெறைய இருக்கு. போர்ட்டுக்குக் கீழ சின்னப் பலகையில நேரம் போட்டிருந்தா அதயும் வாசிங்க, ஸ்கூல் விடுற ஒன்றரை மணிக்கு மட்டும்தான் தடைன்னு சில இடத்துல இருக்கும்.

பொலிஸ்காரரோட எப்படி பேசுறது

மரியாதையா. சேர்னு கூப்பிடுங்க, ராலாமின்னே கூப்பிடுங்க, அவங்களுக்கும் காலையில இருந்து மழையில நின்னு கால் வலிக்கும். கத்தினா வேற பிரச்சினையாகிடும், கடமைக்கு இடைஞ்சல்னு அடுத்த குத்தம் சேர்ந்துரும். "சேர், போர்ட் தெரியல, நான் போட்டோ எடுத்துக்கிறேன்"ன்னு சொல்லுறதுல ஒரு பிழையும் இல்ல. குத்தம் செய்யலன்னு நிச்சயமா தெரிஞ்சா, "நான் இத ஏத்துக்கல, கோர்ட்ல பேசிக்கிறேன்"ன்னு சொல்லலாம். அது உங்க உரிமை, ஆனா பந்தாவுக்கு சொல்லாதீங்க, பின்னால வரப்போற அலைச்சல யோசிச்சு சொல்லுங்க.

தாள சிங்களத்துல எழுதிக் குடுத்தா, விளங்கலன்னா, விளங்கலன்னு சொல்லுங்க. வெக்கப்படாதீங்க. நம்ம ஆக்கள்ல பாதிப் பேர் சிங்களம் நல்லா கதைப்போம், ஆனா வாசிக்க வராது, அதுவும் அவசரத்துல கிறுக்கின கையெழுத்த யாருக்கு வாசிக்க வரும். 1987ல 13ம் திருத்தத்துல தமிழும் அரச கரும மொழியாச்சு, 1988ல 16ம் திருத்தத்துல அரச அதிகாரிகிட்ட தமிழ்ல பேசவும் பதில் வாங்கவும் உள்ள உரிமைய இன்னும் விளக்கமா எழுதி வச்சாங்க. பேப்பர்ல இருக்கிறதுக்கும் ரோட்டுல நடக்கிறதுக்கும் எவ்வளவு தூரம்னு எனக்கும் தெரியும், நம்ம பக்கம் தமிழ் எழுதத் தெரிஞ்ச ட்ரபிக் ஆள் கிடைக்கிறது அதிர்ஷ்டம்தான். ஆனாலும் கேட்டு வைங்க, குறைஞ்சது என்ன குத்தம், என்ன இடம், எத்தன மணின்னு எழுதியிருக்குன்னு வாய்விட்டு சொல்லச் சொல்லுங்க, அந்த இடத்துலயே வண்டி நம்பர், இடம், மணி மூணும் சரியான்னு பாருங்க.

காசு நீட்டாதீங்க. "ஐநூற வச்சுக்கிட்டு விடுங்க சேர்" எல்லாம் வேணாம், வாங்குறவருக்கு மட்டுமில்ல குடுக்கிறவருக்கும் லஞ்சம் குத்தம்தான். அவங்களா கேட்டா லஞ்ச ஊழல் ஆணைக்குழு நம்பர் 1954.

நாள் கணக்கு

இதுதான் நெறைய பேர் வழுக்கி விழுற இடம். தாள்ல உள்ள தேதியில இருந்து 14 நாளுக்குள்ள போஸ்ட் ஒபிஸ்ல கட்டினா எழுதின தொகை. 14 தாண்டி 28க்குள்ளன்னா ரெட்டிப்பு. 28ம் தாண்டினா கோர்ட். அதோட 14 நாளுக்குப் பொறகு அந்தத் தாள் லைசனாவும் செல்லாது, அப்புறம் வண்டி ஓட்டினா லைசன் இல்லாம ஓட்டின கணக்கு, அது நோ பார்க்கிங்க விட ரொம்பப் பெரிய தலைவலி.

தோட்டத்துல சம்பளம் பத்தாந் தேதிதான் வரும்னு காத்துக்கிட்டு இருந்து ரெட்டிப்பாக் கட்டினவங்கள எனக்குத் தெரியும். கலண்டர்ல பேனாவால வட்டம் போட்டு வைங்க. போயா (பௌர்ணமி) லீவு, சனி ஞாயிறு, தீபாவளி பொங்கல் லீவு எல்லாம் நடுவுல வந்தா கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க.

2025ல கோவ்பேன்னு ஒரு முறை வந்துச்சு, அது இருக்கிற இடத்துல போன்லயே கட்டிட்டு லைசன அங்கயே திருப்பி வாங்கிக்கலாம். நல்ல வசதி, தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு இன்னொரு தடவ பஸ் ஏறி ஸ்டேசனுக்கு வர்ற அலைச்சல் மிச்சம். ஆனா சொல்லிட்டேன், கட்டினா முடிஞ்சிச்சு. ரோட்டோரத்துல பதட்டத்துல நிக்கும்போது பட்டன அமுக்குறது லேசு, அமுக்கினத திருப்ப ஏலாது. அதோட "உங்க வண்டிக்கு ஃபைன் இருக்கு, இந்த லிங்க்க அமுக்குங்க"ன்னு தெரியாத நம்பர்ல இருந்து எஸ்எம்எஸ் வந்தா கிட்டயும் போகாதீங்க.

சரி, இது நியாயமா?

கேள்விய ரெண்டாப் பிரிக்கணும். நோ பார்க்கிங் சட்டமே வேணாமான்னா, வேணும். நம்ம டவுன்கள பாருங்க, ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம், நடுவுல ரோடு, ரோட்டோரத்துல கான், கானுக்கு மேல பலகையப் போட்டு ஒரு மரக்கறிக் கடை. ஹட்டன்ல அவிசாவளையில இருந்து நுவரெலியாவுக்கு போற ஏ7 பாதைதான் டவுன் தெருவும், சுத்திப் போறதுக்கு வேற வழி தேட வேண்டி இருக்கும். அந்த மாதிரி ரோட்டுல ஒரு வேன் "ரெண்டு நிமிஷம்"னு நின்னா பஸ் நிக்கும், பஸ் நின்னா பின்னால 1990 நம்பருக்கு அடிச்சா வர்ற ஆம்புலன்ஸும் நிக்கும். ஹோன் சத்தத்துக்கு நடுவுல உள்ள யாரு படுத்துக் கெடக்குறாங்கன்னு தெரியாம எல்லாரும் எட்டி எட்டிப் பார்ப்பாங்க. அத ஒரு தடவ பார்த்தவங்க நோ பார்க்கிங் வேணாம்னு பேச மாட்டாங்க. சிவனொளிபாத மலை சீசன் நேரம் டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் மஸ்கெலியா நல்லதண்ணி ரோட்டுல, ஏப்ரல்ல நுவரெலியா வாவிப் பக்கம், பெரஹெர நேரம் கண்டியில, இதெல்லாம் கட்டுப்பாடு இல்லாட்டி நடந்துகூடப் போக ஏலாது.

ஆனா ஃபைன் போடுற விதம் நியாயமான்னா, அங்கதான் எனக்கு கடுப்பு. நிப்பாட்டாதன்னு சொல்றீங்க, எங்க நிப்பாட்டுறதுன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க. மார்க்கெட் பக்கத்துல இருக்கிற ஒரே தரிப்பிடத்துல காலையிலேயே கடைக்காரங்க வண்டியும் லொறியும் நெறஞ்சிரும், மாசத்துக்கு ஒருக்கா சம்பள நாள்ல டவுனுக்கு வர்ற ஆளுக்கு எங்க இடம்? பஸ் நடு ரோட்டுல ஆள் ஏத்தும், லொறி பட்டப்பகல்ல மூட்டை எறக்கும், அதயெல்லாம் தாண்டி வந்து பைக்காரனப் பிடிப்பாங்க, ஏன்னா பைக்காரன்தான் கூப்பிட்ட உடனே எறங்கி வந்து லைசன நீட்டுவான்.

இன்னொன்னு தொகை. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்க ஒரு நாள் சம்பளம் 2021ல 1000 ரூபாயாச்சு, 2024 செப்டம்பர்ல அடிப்படைச் சம்பளம் 1350ன்னு ஆச்சு. ஆயிரம் ரூபா ஃபைன்னு வச்சுக்கோங்க, ஹோட்டல் முன்னால பெரிய ஜீப்ப நிப்பாட்டினவருக்கு அது ஒரு கோப்பி குடிச்ச காசு, மகன் பைக்க மாத்தி நிப்பாட்டிட்டான்னா தோட்டத்துல அம்மாவுக்கு அது நிறை போட்டு இறக்கின கொழுந்துல அரை நாளுக்கும் மேல. ரெட்டிப்பானா ஒரு நாளுக்கும் மேல. ஸ்டேசனுக்கு அலையிற பஸ் காசும் அந்த நாள்ல போன சம்பளமும் வேற. எல்லாருக்கும் ஒரே தொகைங்கிறது கேக்க நல்லாத்தான் இருக்கு, கட்டுற இடத்துல சமம் இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லணும், "ஃபைன் கூட"ங்கிறது கோர்ட்ல எடுபடாது, "பஸ்ஸ ஏன் பிடிக்கல"ங்கிறதும் எடுபடாது. எடுபடுற காரணங்கள் வேற. போர்ட்டே இல்ல, இருந்தும் மறைஞ்சிருந்தது, போர்ட்ல உள்ள நேரத்துக்கு வெளிய நின்னீங்க, தாள்ல வண்டி நம்பரோ இடமோ பிழை, அந்த நேரம் வண்டி அங்க இல்லவே இல்ல, சபை அனுமதிச்ச தரிப்பிடத்துலதான் நின்னீங்க, வண்டி நடு வழியில பழுதாகி நின்னது. இதுல ஒண்ணு உங்ககிட்ட ஆதாரத்தோட இருந்தா தொடர்ந்து வாசிங்க. "ரெண்டு நிமிஷம்தான் நின்னேன்"ங்கிறது மட்டும்தான் இருக்குன்னா, தம்பி, போய்க் கட்டிட்டு வேலையப் பாருங்க.

எழுத்துல குடுங்க

கட்டுறதுக்கு முந்தி, மொத ரெண்டு மூணு நாளைக்குள்ள, ஸ்டேசன்ல போக்குவரத்துப் பிரிவு பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் குடுங்க. வாயால சொல்லிட்டு வராதீங்க, வாய்ப்பேச்சு கொழுந்துச் சாக்குல ஓட்டை மாதிரி, வீட்டுக்கு வரும்போது ஒண்ணும் இருக்காது. ரெண்டு பிரதி எடுத்துக்கிட்டுப் போய் ஒண்ணக் குடுத்துட்டு மத்ததுல தேதியும் கையொப்பமும் வாங்குங்க, வாங்க மாட்டோம்னா பதிவுத் தபால்ல அனுப்பி துண்ட பத்திரமா வைங்க. கடிதம் இவ்வளவு போதும்:

"ஐயா, இன்ன தேதி இன்ன மணிக்கு இன்ன வீதியில் எனது இன்ன இலக்க மோட்டார் சைக்கிளுக்கு இன்ன இலக்கத் தண்டப்பத்திரம் வழங்கப்பட்டது. குறித்த இடத்திலுள்ள வீதிச் சமிக்ஞைப் பலகை விளம்பரப் பதாகையால் முழுமையாக மறைக்கப்பட்டிருந்தது. அன்றைய தினம் எடுத்த மூன்று புகைப்படங்களையும் கடைப் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்துள்ளேன். இக்குற்றச்சாட்டை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இதனை மீள்பரிசீலனை செய்து தங்கள் முடிவை எழுத்து மூலம் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அம்மா சுகமில்ல, வீட்ல கஷ்டம்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதாதீங்க. உண்மையா இருந்தாலும் அது பரிதாபம், ஆதாரம் இல்ல. இத வாசிச்சுட்டு உடனே தாள கிழிச்சுப் போட்டுருவாங்கன்னும் எதிர்பார்க்காதீங்க, பல நேரம் பதிலே வராது, ஆனா நீங்க மொத நாள்ல இருந்தே மறுத்தீங்கங்கிறதுக்கு அது சாட்சி. பதில் வரலன்னு 14 நாள் கணக்கு நிக்காது, அது தன் பாட்டுக்கு ஓடும், மறந்துராதீங்க. அதிகாரி நடந்துக்கிட்ட விதம்தான் பிரச்சினை, கெட்ட வார்த்தை பேசினாரு, காசு கேட்டாரு, வேணும்னே எழுதினாருன்னா அது வேற முறைப்பாடு, உதவி பொலிஸ் அத்தியட்சகர், அதுக்கு மேல தேசிய பொலிஸ் ஆணைக்குழு. மொழி விசயம்னா 1991ல சட்டம் போட்டு உண்டாக்கின அரச கரும மொழிகள் ஆணைக்குழு. இதெல்லாம் ஃபைன ரத்தாக்குறதுக்கு இல்ல, அதயும் இதயும் குழப்பிக்காதீங்க.

சபைகிட்ட ஒரு தாள் கேளுங்க

எனக்குத் தெரிஞ்சு நம்ம ஆக்கள் ஆகக் குறைவா பாவிக்கிற ஆயுதம் இதுதான். 2016ம் வருசத்து 12ம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம். வெள்ளத் தாள்ல தமிழ்லயே எழுதி சபையோட தகவல் அதிகாரிகிட்ட குடுக்கலாம். "இன்ன வீதியில இன்ன கடையில இருந்து இன்ன கடை வரைக்கும் வாகனம் நிறுத்தத் தடைன்னு எப்ப தீர்மானம் எடுத்தீங்க, பிரதி தாங்க. கட்டணம் அறவிடுற இடங்கள் எது, கட்டணம் எவ்வளவு, டெண்டர் யாருக்கு எவ்வளவு காலத்துக்கு." ஏன் கேக்குறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. 14 வேலை நாளுக்குள்ள குடுக்கிறதா இல்லையான்னு முடிவு சொல்லணும். சொல்லலன்னா அங்கயே மேன்முறையீட்டு அதிகாரி இருப்பாரு, அதுக்கும் மேல ஆணைக்குழு இருக்கு.

சபைக் கட்டணத்துல பிரச்சினைன்னா, டிக்கட்ட விட கூட வாங்கிட்டாங்க, ஒரே நாள்ல ரெண்டு தடவ வாங்கிட்டாங்கன்னா ஆணையாளருக்கோ செயலாளருக்கோ டிக்கட் பிரதியோட எழுதுங்க, உங்க வட்டார மெம்பருக்கும் ஒரு பிரதி போடுங்க. 2023 மார்ச்ல சபைகளோட காலம் முடிஞ்சு 2025 மே தேர்தல் வரைக்கும் கேக்க மெம்பர்மாரே இல்லாம இருந்தாங்க, இப்ப இருக்காங்க, கேளுங்க, ஓட்டு கேட்டு லயத்துக்கு வந்தாங்கதானே.

கோர்ட்டுன்னா

பார்க்கிங் ஃபைனுக்குன்னு தனியா அப்பீல் சபை மாதிரி ஒண்ணும் நம்ம நாட்டுல இல்லங்க. ஏத்துக்கலன்னா வழி நீதவான் நீதிமன்றம்தான். கட்டாம விட்டா கேஸா அங்க வரும். கூப்பிட்ட தேதிக்கு கட்டாயம் போகணும், போகாட்டி பிடியாணை வரும், சின்ன விசயத்த பெரிசாக்கிக்காதீங்க.

உங்க பேர கூப்பிடுவாங்க, குத்தச்சாட்ட வாசிப்பாங்க, குத்தவாளியா சுத்தவாளியான்னு கேப்பாங்க. இங்க பயத்துல "ஓம்"னு தலையாட்டிட்டு வர்றவங்கதான் நூத்துக்கு முக்காவாசி. பக்கத்துல நிக்கிறவன் எல்லாம் வரிசையா ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டப் போகும்போது நீங்க மட்டும் "சுத்தவாளி"ன்னு சொல்றதுக்கு ஒரு தெம்பு வேணும். சொன்னா விசாரணைக்கு தேதி போடுவாங்க, அன்னிக்கு எழுதின அதிகாரி வந்து சாட்சி சொல்லணும், நீங்க கேள்வி கேக்கலாம், போட்டோவ காட்டலாம். மொழி விளங்கலன்னா அரசியலமைப்போட 24ம் உறுப்புரைப்படி அரசாங்கமே உரைபெயர்ப்பு தரணும், மொத தடவையே எழுந்து கேளுங்க, பாதி விளங்கி பாதி விளங்காம நிக்காதீங்க. லோயர் கட்டாயம் இல்ல, வச்சா நல்லது, வசதி இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழுவுல விசாரிச்சுப் பாருங்க. தோத்துட்டா ஸ்பொட் ஃபைன விட கூட தொகை விழலாம், இதயும் சொல்லிடணும். தீர்ப்பு பிழைன்னா 14 நாளுக்குள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அப்பீல் போடலாம், ஆனா குத்தத்த ஒத்துக்கிட்டு வந்துட்டு அப்பீல்னா கதவு கிட்டத்தட்ட சாத்தினதுதான்.

எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் போயிருக்கான். திரீவீல் பார்க்லதான் நின்னான், ரோட்டுக்கு இடைஞ்சல்னு எழுதிட்டாங்க. அவன் நான் மாதிரி இல்ல, மொத நாளே போட்டோ, மறுநாளே கடிதம், அந்த வாரமே சபைக்கு தகவல் கேட்டு மனு. சபையில இருந்து வந்த பதில்ல அந்த இடம் அனுமதிச்ச தரிப்பிடம், இத்தன வண்டி நிக்கலாம்னு சீல் குத்தி வந்துச்சு. மூணு தவணை போனான். மொதல் தவணையில சுத்தவாளின்னு சொன்னான், ரெண்டாவது தவணையில சாட்சி வரல, மூணாவதுல அந்த சபைத் தாள வாசிச்சுப் பார்த்துட்டு விடுதலை பண்ணிட்டாங்க. டீக்கடையில எல்லாரும் முதுகுல தட்டினாங்க. அவன் பொண்டாட்டி மட்டும் கணக்குக் கொப்பிய எடுத்து வச்சு, மூணு நாள் ஹயர் இல்ல, சாப்பாடு, போட்டோ கொப்பி, எல்லாம் கூட்டினா ஃபைன விட நாலு மடங்குன்னு காட்டினா. அவ சொல்றதும் சரி, அவன் செஞ்சதும் சரி. அதுக்குப் பொறகு அந்தப் பார்க்ல யாருக்கும் எழுதல, அத அவ கொப்பியில எந்தப் பக்கத்துல போடுறதுன்னு எனக்குத் தெரியல.

கட்டுறதுன்னு முடிவெடுத்தா

போஸ்ட் ஒபிஸுக்கு தாளோட போங்க, கட்டினதும் ரசீதுல தொகையும் தாள் நம்பரும் சரியான்னு பாருங்க, ஒரு போட்டோ எடுத்து வைங்க. அந்த ரசீதோட எழுதின ஸ்டேசனுக்குப் போனா லைசன தருவாங்க. வேற ஊர்ல பிடிச்சிருந்தா அந்த ஊர் ஸ்டேசனுக்கு எப்ப போறதுன்னு மொதல்லயே திட்டம் போட்டுக்கோங்க, பதுளையில பிடிச்சத ஹட்டன்ல வந்து கேக்க ஏலாது.

இனி நிப்பாட்டும்போது, டவுனுக்குள்ள நுழையிறதுக்கு முந்தியே இடம் கிடைச்சா அங்கயே விட்டுட்டு அஞ்சு நிமிஷம் நடங்க, குளிருக்கு நல்லது. இறக்கத்துல நிப்பாட்டினா ஹேண்ட்பிரேக்க போட்டு, கியர்ல விட்டு, டயர ரோட்டோரம் பார்த்துத் திருப்பி வைங்க. டயருக்குக் கீழ கல்லு வைக்கிறது நம்ம பழக்கம், போகும்போது அந்தக் கல்ல எடுத்து ஓரமாப் போடுங்க, பின்னால ராத்திரி மிஸ்ட்டுல ஒரு பைக்காரன் வருவான்.

லைசன வாங்கும்போது கவருக்குள்ள திறந்து போட்டோவ பார்த்துட்டு வாங்க. ரப்பர் பேண்ட் போட்ட கட்டுல இருந்து உருவி எனக்கு மொதல்ல நீட்டினது பெரிய மீசை வச்ச யாரோ ஒரு அண்ணனோடது, பாவம், அவரு எந்த டவுன்ல தாள வச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டு இருந்தாரோ.